கார் பாதி விலை, பார்ட்ஸ் முழு விலை

"மச்சி, 2011 பாக்ஸ்டர். நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. கிட்டத்தட்ட புது இன்னோவா விலைக்கு வருது. எடுக்கலாமா?"

பெங்களூரில் கார்ப் பைத்தியம் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் வாட்ஸ்அப்பில் இந்த மாதிரிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். போனஸ் போடும் மாதம், கம்பெனி ஷேர் விற்ற காசு கைக்கு வரும் மாதம் என்றால் இன்னும் கூடுதல். கேட்பவர்கள் விவரமானவர்கள்தான். வீடு வாங்கும்போது வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் என்று முப்பது வருஷத்துக்குத் தோண்டுகிறவர்கள். அதே ஆட்கள் காரென்று வந்தால் எத்தனை குதிரைத்திறன், நூறைத் தொட எத்தனை வினாடி, கலர் எப்படி என்பதிலேயே மயங்கிவிடுகிறார்கள். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி வேறு: "நம்பர் பிளேட் எந்த ஊரு?"

அதற்கு வருவதற்கு முன்னால் காசுக் கணக்கு கொஞ்சம்.

வெளிநாட்டிலிருந்து முழு வண்டியாக இறங்கும் கார்களுக்கு இங்கே தீர்வையே காரின் விலையைத் தாண்டிவிடுகிறது. 40 ஆயிரம் டாலருக்கு மேல் மதிப்புள்ள கார் என்றால் சுமார் 110 சதவீதம். அதன் தலையில் ஜிஎஸ்டி, அதற்கும் மேலே ரோடு டாக்ஸ். இப்படி வரியால் ஊதிய விலை ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே இறங்க ஆரம்பிக்கும். கோடி ரூபாய்க்கு வாங்கிய கார் ஏழெட்டு வருஷத்தில் 40 லட்சத்துக்கு வந்து நிற்பது இப்படித்தான். வாங்குகிறவனுக்கு யோகம் என்று தோன்றும். ஆனால் அந்தக் காரின் பிரேக் டிஸ்க்கும் கியர்பாக்ஸும் ஹெட்லைட்டும் விலை இறங்கவில்லை; அவை இன்னும் கோடி ரூபாய்க் காரின் பாகங்களே. யானையை வாங்குவது சுலபம், கட்டித் தீனி போடுவதுதான் பாடு. அதனால் கையிலிருக்கும் காசு முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்காவது முதல் வருஷச் செலவுக்கு என்று ஒதுக்க முடியவில்லையென்றால் அந்தக் கார் உங்களுக்கானது இல்லை. நான் கறாராகச் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

பேரத்துக்கு ஒரு துருப்பும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதம் வரை இருந்த வரி 40 சதவீதமாகிவிட்டது. புதுக் காரின் விலை இறங்கினால் பழையதும் இறங்கித்தானே ஆகவேண்டும்? இன்னும் பழைய ஷோரூம் விலையைச் சொல்லி "பாதிக்குப் பாதி சார்" என்கிற டீலரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் கொஞ்சம் மாறும்.

இப்போது நம்பர் பிளேட்.

கர்நாடகாவில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு லைஃப் டாக்ஸ் 18 சதவீதம். அதன் மேல் செஸ் சேர்ந்து ஏறத்தாழ 20 ஆகிவிடும். கோடி ரூபாய்க் காருக்கு 20 லட்சம். தமிழ்நாடும் சளைத்ததில்லை, 2023 நவம்பரிலிருந்து அங்கேயும் 20 லட்சத்துக்கு மேல் போனால் 20 சதவீதம். இப்படிப்பட்ட வரியைத் தவிர்க்கத்தான் பலபேர் பாண்டிச்சேரி அட்ரஸ் ஒன்றைப் பிடித்து அங்கே பதிவு செய்தார்கள். 2017-ல் அமலா பால், ஃபகத் ஃபாசில் என்று நடிகர்களின் கார்களே செய்தியானது நினைவிருக்கும். பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நந்தி மலைப் பக்கம் போய்ப் பாருங்கள், பிஒய்-01 போர்டு போட்ட வண்டிகள் இன்னும் கண்ணில் படும்.

வேறு மாநில வண்டியை இங்கே கொஞ்ச நாள் ஓட்டலாம். 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி இந்த ஊர் எண்ணுக்கு மாற்ற வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும். கட்டாதவர்களை முன்பெல்லாம் கண்டும் காணாமல் விட்டார்கள். இப்போது அப்படி இல்லை. 2025 பிப்ரவரியில் போக்குவரத்துத் துறை ஒரே சோதனையில் ஃபெராரி, போர்ஷே, ஆஸ்டன் மார்ட்டின் உட்பட சுமார் 30 சொகுசுக் கார்களைப் பிடித்தது. அந்த ஜூலையில் மகாராஷ்டிரப் பதிவோடு இங்கே ஓடிக்கொண்டிருந்த சிவப்பு ஃபெராரி எஸ்எஃப்90 ஒன்றின் உரிமையாளர் கட்டிய தொகை சுமார் 1.42 கோடி. ஒரே காருக்கு!

பழைய கார் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொரு வழக்கு. அமிதாப் பச்சனிடமிருந்த ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம், ஆமிர் கானிடமிருந்த ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட், இரண்டும் பெங்களூரைச் சேர்ந்த ஓர் அரசியல் பிரமுகரின் கைக்கு வந்தன. 2021 ஆகஸ்டில் ஃபேன்டமை அதிகாரிகள் பிடித்தபோது ஆர்.சி.யில் அமிதாப் பெயரே இருந்தது. 2025-லும் இரண்டு கார்களும் மகாராஷ்டிர எண்ணிலேயே ஓடிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் சேர்த்து சுமார் 38 லட்சம் விதித்தார்கள். விற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி யார் கையில் இருந்ததோ அவர் கட்டினார்.

இந்த வரி நீங்கள் கொடுத்த விலைக்குப் போடப்படுவதில்லை, கார் புதிதாக இருந்தபோது இருந்த விலைக்குத்தான். வயதுக்கேற்பக் கழிவு உண்டு, ஆனால் நாலைந்து வருஷக் காருக்கும் பெரும்பகுதியைக் கட்ட வேண்டிவரும். "பாம்பே வண்டி சார், அஞ்சு லட்சம் கம்மி" என்று புரோக்கர் சொல்வதன் அர்த்தம் புரிகிறதா? அந்த ஐந்தைக் குறைத்துவிட்டு, உங்கள் தலையில் அதைப்போல் மூன்று மடங்கை இறக்கி வைக்கிறார். பழைய மாநிலத்தில் கட்டிய வரியைத் திரும்ப வாங்கலாம் என்பார். விதி இருக்கிறது, வாங்கலாம். நடையாய் நடக்கவும் வேண்டும். ஆகவே என் கணக்கில் கேஏ எண் போட்ட கார் இரண்டு மூன்று லட்சம் அதிகமாக இருந்தாலும் மலிவு.

ஆர்.சி.யில் பெயர் யாருடையது, எத்தனையாவது ஓனர், கடன் கொடுத்தது யார், இன்சூரன்ஸ் எதுவரை என்பதை எம்பரிவாகன் செயலியிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். கடனில் வாங்கிய கார் என்றால் எச்.பி., அதாவது ஆர்.சி.யில் இருக்கும் கடன் குறிப்பு, ரத்தானதா என்பது முக்கியம். பேங்க் கொடுக்கும் கடிதத்தோடு படிவம் 35-உம் வேண்டும். வேறு மாநில வண்டியென்றால் படிவம் 28, அதாவது என்.ஓ.சி. பெயர் மாற்றத்துக்கு 29, 30. கூடவே பெங்களூர் டிராஃபிக் போலீஸ் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு அபராத பாக்கியைப் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் காருக்கு வந்த ஸ்பீட் சலான்களை வரிசையாகப் படித்தாலே முந்தைய ஓனர் எப்படி ஓட்டியிருக்கிறார் என்று தெரிந்துவிடும்! சர்வீஸ் புத்தகம்கூட அவ்வளவு உண்மை பேசாது.

சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யில் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். உடம்பில் குத்தியிருக்கும் எண், கண்ணாடியோரம் தெரியும் எண், ஸ்கேனர் காட்டும் எண் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நம் நாட்டிலேயே தயாரித்த ஸ்போர்ட்ஸ் கார் என்று பெருமையாகப் பேசப்பட்ட டி.சி. அவந்தியின் கதை. 2020 டிசம்பரில் மும்பை போலீஸ் தமிழ்நாட்டுப் பதிவு எண் கொண்ட ஓர் அவந்தியைப் பிடித்து விசாரித்தது. அதே இன்ஜின் எண், அதே சேஸிஸ் எண்ணில் ஹரியானாவிலும் ஒரு கார் பதிவாகியிருக்கிறது என்றது. ஒரே காரின் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கடன்கள் என்றும் குற்றம்சாட்டி, வடிவமைப்பாளர் திலீப் சாப்ரியாவைக் கைது செய்தது. வழக்கின் முடிவு எப்படியோ போகட்டும். அப்படி ஒரு காரை நம்பி வாங்குகிறவர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டிவரும்.

2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத்துறை நடத்திய 'ஆபரேஷன் நும்கோர்' இன்னொரு பாடம். பூட்டானிலிருந்து கடத்தி வந்து இங்கே போலிக் காகிதங்களில் பதிவு செய்யப்பட்ட வண்டிகள் என்று சொல்லி மலையாள நடிகர்களின் வீடுகள்வரை சோதனை போட்டார்கள். அவை ஸ்போர்ட்ஸ் கார்கள் இல்லை, பெரும்பாலும் பெரிய ஜீப் வகைகள். ஆனால் சங்கதி ஒன்றுதான்: ஆர்.சி. சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. தனியாள் இறக்குமதி செய்த கார் என்றால் சுங்கத்தின் 'பில் ஆஃப் என்ட்ரி' காகிதத்தைக் கேளுங்கள். "அது எங்கேயோ இருக்கு, தேடித் தர்றேன்" என்று பதில் வந்தால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

காகிதம் தேறிய பிறகுதான் காரைத் தொடவேண்டும். தொட்டதும் பெங்களூர்க்காரர்கள் பார்க்க வேண்டியது தண்ணீர். 2022 செப்டம்பர் தொடக்கத்து மழையில் பெல்லந்தூர், ஏமலூர், சர்ஜாபூர் ரோடு எல்லாம் ஏரியானபோது, கோடிக்கணக்கில் வீடு விற்கும் கேட்டட் கம்யூனிட்டிகளில் பென்ட்லியும் ஆடியும் கண்ணாடிவரை மூழ்கிக் கிடந்த படங்களை ஊரே பார்த்தது. சென்னையிலும் 2015 டிசம்பர், 2023 மிக்ஜாம் என்று கார்கள் முங்கின. அவை எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. கழுவி, துடைத்து, சென்ட் அடித்து வேறு ஊருக்கு விற்றதும் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு அங்கேதான் ஒளிந்திருக்கும். சீட்டின் அடித் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் மண், கார்ப்பெட்டுக்குக் கீழே ஒயர் கனெக்டர்களில் பச்சைப் பூப்பு, ஹெட்லைட்டுக்குள் ஆவி. பல ஜெர்மன் கார்களில் எலக்ட்ரானிக் பெட்டிகள் சீட்டுக்கடியிலும் டிக்கியிலும் தாழ்வாக இருக்கும். இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகப் போகும். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் க்ளெய்ம் வரலாறு கேளுங்கள். விற்பவர் ஒத்துழைத்தால் பாலிசி எண்ணை வைத்து வாங்கிவிடலாம்.

நண்பர் ஒருவருக்காக ஒயிட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் ஆடி டிடி ஒன்றைப் பார்க்கப் போனோம். வில்சன் கார்டன் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பாய் கூட வந்தார். கன்னடமும் தமிழும் உருதும் ஒரே வாக்கியத்தில் பேசுகிற ஆள். டிடியின் பானெட் அலுமினியம், கதவு இரும்பு. காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு பானெட்டில் ஒட்டவில்லை, ஆகவே பட்டி என்று முடிவுகட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். பாய் அப்படி இல்லை. இரண்டு உலோகத்துக்கும் வேலை செய்யும் பெயின்ட் மீட்டரை எடுத்து வைத்துக்கொண்டே போனார். பானெட் 115 மைக்ரான். கூரை 120. வலது கதவு 124. கம்பெனி பெயின்ட் என்றால் இந்த அளவில்தான் இருக்கும். இடது கதவில் வைத்தார். 430.

"பட்டி அடிச்சிருக்கு தம்பி" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

கதவைத் திறந்து கீல் போல்ட்டுகளைக் காட்டினார். ஸ்பேனர் பட்டு முனை மழுங்கி, மேலே புதுப் பெயின்ட் பூசியிருந்தது. கதவுக் கண்ணாடியின் மூலையில் இருக்கும் வருஷக் குறி மற்ற கண்ணாடிகளோடு ஒத்துப்போகவில்லை. விற்பவர் "சும்மா ஸ்க்ராட்ச், டச்சப் பண்ணினோம்" என்றார். ஸ்க்ராட்ச் விழுந்ததற்குக் கதவைக் கழற்றிக் கண்ணாடி மாற்றுவார்களா? டிங்கரிங் பார்த்த கார் என்பதாலேயே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இந்த ஊர் டிராஃபிக்கில் கீறல் இல்லாத கார் ஏது? ஆனால் உரசலைச் சொல்லி விற்கிறவர் வேறு, அடியை மறைத்து விற்கிறவர் வேறு. நண்பர் அந்தக் காரை விட்டுவிட்டார்.

இன்ஜின், கியர்பாக்ஸ் விஷயத்தில் பொதுவாகப் பேசிப் பிரயோஜனம் இல்லை. ஒவ்வொரு மாடலுக்கும் அதன் பிறவி நோய் என்று ஒன்று இருக்கும், அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். போர்ஷே பாக்ஸ்டர், கேமன் என்றால் 2009 மாடலுக்கு முன், பின் என்பது பெரிய கோடு. முந்தைய இன்ஜின்களில் உள்ளே ஐ.எம்.எஸ். என்ற பேரிங் இருக்கும். அது உடைந்தால் இன்ஜினே காலி. 2009 மாடல் முதல் வந்த இன்ஜின்களில் அந்தப் பேரிங்கே கிடையாது. ஆகவே இரண்டு வருஷம் புதியதற்குக் கொஞ்சம் அதிகம் கொடுப்பது வீண் செலவு இல்லை. போர்ஷேயில் இன்னொரு வசதி, கம்ப்யூட்டரை இணைத்தால் 'ஓவர் ரெவ்' அறிக்கை கிடைக்கும். சிவப்புக் கோட்டைத் தாண்டி இன்ஜின் எத்தனை தடவை சுற்றியது, எந்த எல்லைவரை போனது, அது எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் என்று புட்டுப் புட்டு வைத்துவிடும். மேனுவல் கியர் என்றால் இதைக் கேட்காமல் பேரமே பேசாதீர்கள். இன்ஜின் ஓடிய மொத்த மணி நேரமும் அதில் இருக்கும்; மீட்டரைத் திருப்பியவர்கள் பெரும்பாலும் அதை மறந்துவிடுகிறார்கள். கிலோமீட்டரை மணி நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வரும். சில்க் போர்டு சிக்னலில் நின்று நின்று ஓடிய காரா, மைசூர் ரோட்டில் ஓடிய காரா என்பது அதில் தெரியும்.

ஆடி டிடியில் ஆறு கியர் எஸ் டிரானிக் வந்த மாடல்களுக்கு 60 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர் ஆயில் மாற்ற வேண்டும். குவாட்ரோ என்றால் பின்பக்க ஹால்டெக்ஸ் ஆயிலும் உண்டு. "நம்ம கார் வருஷத்துக்கு ரெண்டாயிரம்தான் ஓடும்" என்று சொல்லி இதையெல்லாம் தள்ளிப் போட்டிருப்பார்கள். முதல் தலைமுறை ஆர்8-ல் காந்த டேம்பர்கள் ஆயில் கசியும். விலையைக் கேட்டுவிட்டுப் பிறகு உட்காருங்கள். பிஎம்டபிள்யூ இசட்4-ல் இரட்டை டர்போ எஸ்டிரைவ்35ஐ அற்புதமான வண்டி, ஆனால் ஹை பிரஷர் ஃப்யூயல் பம்ப்பும் இன்ஜெக்டர்களும் மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோர்டு மஸ்டாங் ஜிடி 2016-ல் இங்கே வந்தது, 5 லிட்டர் வி8. இந்தக் கும்பலில் மெக்கானிக்குகளுக்குப் பிடித்த வண்டி அதுதான்: டர்போ இல்லை, டூயல் கிளட்ச் இல்லை, சாதாரண ஆட்டோமேட்டிக். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டதால், கார் பார்ப்பதற்கு முன்னால் பாகங்கள் எத்தனை வாரத்தில் வரும் என்று சர்வீஸ் சென்டரில் விசாரித்துவிடுங்கள். பெங்களூரின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைத்தெருவான ஜே.சி. ரோட்டில் கிடைக்காதது எதுவுமில்லை என்பார்கள். மஸ்டாங்கின் முன் பம்பர் அங்கே தொங்கி நான் பார்த்ததில்லை.

விற்பவரிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள், நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று. போனதும் இன்ஜின் இருக்கும் பக்கம் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள்; குளிர்ந்த இன்ஜினின் முதல் நிமிஷத்தில்தான் செயின் சத்தமும் புகையும் தெரியும். ஓட்டிப் பார்க்கும்போது ஆளில்லாத ரோட்டில் விரட்டுவதைவிட நெரிசலில் ஊர்ந்து பாருங்கள். பேஸ்மென்ட் ரேம்ப்பில் ரிவர்ஸில் மெதுவாக ஏற்றுங்கள். டூயல் கிளட்ச் தேய்ந்திருந்தால் அந்த இடத்தில் உதறும்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம். பட்டன் புதுசு போலிருந்தாலும் ஆறு வயதைத் தாண்டிய டயரோடு வேகம் வேண்டாம். நாலும் மாற்றுவதற்கான காசை விலையில் கழியுங்கள். டயர் ஓரம் மட்டும் கருகித் தேய்ந்து, பிரேக் டிஸ்க்கில் விளிம்பு எழும்பியிருந்தால் அந்தக் கார் இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவை கரி டிராக்குக்கோ போய் வந்திருக்கலாம். அது குற்றமில்லை, ஸ்போர்ட்ஸ் கார் பிறந்ததே அதற்குத்தான். கேட்டால் ஒப்புக்கொள்கிறாரா என்று பாருங்கள், அவ்வளவுதான். 'ஸ்டேஜ் ஒன்' போட்ட கார் என்று பெருமையாகச் சொன்னால் விலையைக் குறையுங்கள், ஏற்றாதீர்கள். கம்ப்யூட்டரில் கை வைத்த காருக்கு இன்சூரன்ஸ் க்ளெய்ம் வரும்போது தகராறு வரும்.

இதெல்லாம் உங்களாலேயே பார்த்துவிட முடியாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ரேம்ப்பில் ஏற்றி, அடிவயிற்றைப் பார்த்து, முழு ஸ்கேன் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பெங்களூர் ஹம்ப்புகள் அடித்தட்டில் எழுதியிருக்கும் சரித்திரம் அங்கேதான் தெரியும். செலவு காரின் விலையில் ஒரு சதவீதம்கூட ஆகாது. "அங்கெல்லாம் அனுப்ப முடியாது சார், வேற பார்ட்டி வெயிட் பண்றாங்க" என்று சொன்னால் அந்த வேறு பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும்.

பணம் கொடுக்கும் கட்டம். டோக்கன் மட்டும் கொடுங்கள், ரசீதில் சேஸிஸ் எண்ணை எழுதி வாங்குங்கள். என்.ஓ.சி., கடன் ரத்து, கையெழுத்திட்ட 29, 30 எல்லாம் கைக்கு வரும்வரை மிச்சம் உங்கள் அக்கவுன்ட்டிலேயே இருக்கட்டும். விற்பவரின் நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், காரோடு வராது. எனவே பிரீமியத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்ற வாங்கியவருக்கு 30 நாள்.

விற்கப் போகிறவர்களும் இதைப் படிப்பீர்கள். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்கு: கார் எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. ஆகவே இருவரும் ஒரே நாளில் ஆர்.டி.ஓ. வேலையை முடியுங்கள். பெயர் மாறும் முன் அந்த வண்டியை நந்தி மலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.